கடன் கிடையாத கடை: பினாங்கில் ஒயிட்டவே லெய்ட்லாவும் அதன் மீட்சி பற்றிய கேள்வியும்

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், ஆங்கிலேயர் காலத்தில் பீச் ஸ்திரீட் என்றும் இன்று லெபோ பந்தாய் என்றும் வழங்கும் தெருவில், வங்கிகளுக்கும் பழைய கப்பல் நிறுவன அலுவலகங்களுக்கும் இடையே ஒயிட்டவேஸ் ஆர்கேட் என்ற வணிகக் கட்டடம் நிற்கிறது. கல்கத்தாவிலிருந்து ஷாங்காய் வரை ஒரு காலத்தில் கிளை பரப்பியிருந்த ஒயிட்டவே லெய்ட்லா என்னும் அங்காடித் தொடரின் பெயரையே அது இன்றும் தாங்கியிருக்கிறது. அங்காடித் தொடர் என்பது ஒரே உரிமையின்கீழ், ஒரே பெயரோடும் ஒரே கொள்முதலோடும் பல ஊர்களில் நடக்கும் கடைகளின் வரிசையைக் குறிக்கும். தொடர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் பெயர் மட்டும் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது, இத்தகைய பழம்பெயர்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாமா என்று இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் எழுந்த கேள்வியைப் பினாங்கிலும் கேட்க இடம் தருகிறது. அக்கேள்விக்கு விடை சொல்லுமுன் அந்தக் கடை எந்தச் சூழலில் பிழைத்தது, யாருக்கு விற்றது, அதே நகரத்தில் அதற்கு நேர் எதிரான முறையில் நடந்த வணிகம் எப்படி அதைவிட நீண்ட ஆயுள் பெற்றது என்பவற்றை வரிசையாகப் பார்த்தாக வேண்டும்.

ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் லெய்ட்லா 1882இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்நிறுவனம், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியாவின் பெருநகரங்களிலும் பர்மா, இலங்கை, மலாயா, சீனக் கடற்கரை நகரங்கள் ஆகியவற்றிலும் கடைகளைத் திறந்தது. துணி, தொப்பி, காலணி, பீங்கான், மெத்தை, விளையாட்டுப் பொருள் எனக் குடும்பம் ஒன்றுக்கு வேண்டியவற்றை ஒரே கூரையின்கீழ் துறைவாரியாகப் பிரித்து அடுக்கி விற்றதும், ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டியதும், கடன் அறவே கொடுக்காததும் அதன் மூன்று இலக்கணங்கள். கடைசிப் பண்பே அதற்குப் புகழும் கேலியும் ஒருசேரத் தேடித் தந்தது. அக்கால மலாயாவில் வெள்ளைக்காரர்கள் சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதில்லை; மதுக்கூடத்திலும் துணிக்கடையிலும் ஒரு சிறு தாளில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மாத முடிவில் கணக்குத் தீர்ப்பார்கள். சிட்டு முறை எனப்பட்ட இந்த வழக்கம் மதிப்பின் அடையாளமாகவும் இருந்தது. அந்தச் சமூகத்தின் நடுவில் காசைக் கையில் வாங்கிக்கொண்டே பொருளைக் கொடுக்கும் கடை ஒன்று எழுந்தபோது, அதன் பெயரையே ஓசை மாற்றி ‘உடனே எடு, காசைக் கொடு’ என்ற பொருள்படும்படி ஆங்கிலேயர்களே பகடி செய்தனர்.

பகடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கடன் கொடுக்கும் கடை, வராத பணத்தையும் தாமதமாக வரும் பணத்தின் வட்டியையும் ஒழுங்காகக் கொடுப்பவரின் விலையில் ஏற்றியே விற்க வேண்டும். கடன் கொடுக்காத கடைக்கு அந்தச் சுமை இல்லாததால் விலை குறையும். விலை குறைந்தால் உயர் அதிகாரிக்கும் தோட்ட முதலாளிக்கும் கீழே இருந்தவர்கள், அதாவது சிப்பாய்கள், ரயில்வே ஊழியர்கள், யுரேசியக் குடும்பங்கள், மாதச் சம்பளம் வாங்கிய ஆசிய எழுத்தர்கள் ஆகியோர் உள்ளே வரலாம். சிங்கப்பூரின் ராபின்சன்ஸ், ஜான் லிட்டில் போன்ற கடைகள் கணக்கு வைத்திருந்த மேல்தட்டு வாடிக்கையாளர்களை நம்பியிருந்தன. ஒயிட்டவே அதற்கு அடுத்த படியைக் குறிவைத்தது. பொருளில் ஒட்டிய விலைச்சீட்டு வாங்குபவரின் நிறத்தைப் பார்ப்பதில்லை என்பது, எல்லாவற்றிலும் நிறம் பார்த்த ஒரு சமுதாயத்தில் சிறிய செய்தி அன்று. ஆனாலும் இதைச் சமத்துவத்தின் தொடக்கமாகப் புகழ்வது மிகை. விலை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது உண்மை. அந்த விலையைக் கொடுக்கக்கூடிய சம்பளம் எல்லாருக்கும் இருக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. கப்பலிலிருந்து இறங்கித் தோட்டத்துக்குப் போன தமிழ்த் தொழிலாளிக்கு அந்தக் கடையின் கண்ணாடிக்குள் இருந்த பொருள் எதுவும் எட்டும் தொலைவில் இல்லை.

லெய்ட்லாவைப் பற்றிய ஒரு செய்தி பினாங்கின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது சுவை கூடுகிறது. 1906 முதல் 1910 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் அபின் வணிகத்தைத் தீவிரமாக எதிர்த்தவர். 1909இல் ஷாங்காயில் கூடிய சர்வதேச அபின் ஆணையத்துக்குச் சென்ற பிரிட்டிஷ் பிரதிநிதிகளில் ஒருவர். அவருடைய கடை நடந்த பினாங்கோ நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் ஓர் அங்கம். அந்த ஆட்சியின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்தது. அபின் விற்கும் உரிமையைச் சீன வணிகக் கூட்டணிகளுக்கு ஏலம் விட்டுக் குத்தகைப் பணம் வாங்கிய அரசு, 1910இல் அந்த வணிகத்தையே தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடன் கொடுக்க மறுத்த, அபினை எதிர்த்த கடைக்காரரின் வாடிக்கையாளர்களில் பலர், அபின் வருவாயிலிருந்து சம்பளம் பெற்ற அரசு ஊழியர்களாகவே இருந்திருக்க வேண்டும். இந்த முரணை அன்றைய பினாங்கில் எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பீச் ஸ்திரீட்டின் வடபகுதியில் ஐரோப்பிய நிறுவனங்கள் இருந்தன என்றால், அங்கிருந்து சில நிமிட நடையில், தமிழர்கள் கடைத்தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டிலும் அதை ஒட்டிய பினாங்கு ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் ஆகியவற்றிலும் முற்றிலும் வேறான வணிக உலகம் இயங்கியது. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்ட உடனேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வரத் தொடங்கினர். சூலியர் என்று அறியப்பட்ட அவர்களின் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் காலத்தில், 1801இல் கம்பெனி வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. கப்பித்தான் என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் கம்பெனி ஏற்றுக்கொண்ட தலைவரின் பதவிப் பெயர். இவர்கள் கொண்டுவந்த கட்டமிட்ட கைத்தறித் துணி, பழவேற்காட்டின் பெயரால் பெலிக்காட் என்று மலாய்க்காரரிடையே பரவி, இன்றுவரை அவர்களின் அன்றாடச் சாரமாக இருந்துவருகிறது. இத்துணியை வாங்கிய மலாய் மீனவரோ நெல் விவசாயியோ அறுவடைக்குப் பின்னும் மீன் பருவத்துக்குப் பின்னுமே காசைக் காண்பவர். அவரிடம் உடனே காசைக் கொடு என்று கேட்கும் கடைக்கு வியாபாரம் நடக்காது.

ஆகவே கடைத்தெருவின் அடித்தளமே கடன்தான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ துணி வாங்கி அனுப்பும் ஏற்றுமதியாளர் பினாங்கு மொத்த வியாபாரிக்குத் தவணை கொடுப்பார். மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்கும், சில்லறைக் கடை வாடிக்கையாளருக்கும் கொடுக்கும். இச்சங்கிலிக்கு வேண்டிய முதலைத் தந்தவர்களில் முக்கியமானவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். பினாங்கு ஸ்திரீட்டில் அவர்கள் வைத்திருந்த கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒவ்வொரு செட்டியாருக்கும் அதில் ஒரு கணக்கு மேசையும் பெட்டகமும் பாய் விரிக்கும் அளவு தரையும் ஒதுக்கப்பட்டிருக்கும், பல தனித்தனி வட்டிக்கடைகள் ஒரே கூரையின்கீழ் நடக்கும். ஒரே கூரையின்கீழ் பல துறைகள் என்ற ஏற்பாடு ஐரோப்பியப் பல்பொருள் அங்காடிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கூடுதலாக ஒன்று சொல்லலாம்: ஒயிட்டவேயின் துறைகள் ஒரே முதலாளியின் சம்பளக்காரர்களால் நடந்தன, கிட்டங்கியின் மேசைகள் தனித்தனி முதலும் பொதுவான நம்பிக்கையும் கொண்டு நடந்தன. ஒருவர் நொடித்தால் அடுத்த மேசை மூடப்பட வேண்டிய தேவை இல்லை.

கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான கடன், பிற்காலத்தில் அட்டையில் 555 என்று அச்சிட்ட கையடக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டது. மலேசியாவில் மளிகைக் கடைக் கடன் என்றாலே அந்த எண் நினைவுக்கு வரும் அளவுக்கு அது பரவியது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என வாங்கியவை நாள்வாரியாக அதில் ஏறும். சம்பள நாளில் முழுவதுமோ பாதியோ கழியும். வட்டி என்று தனியே எழுதப்படாவிட்டாலும் விலையில் அது கலந்திருந்தது. இந்த ஏற்பாட்டைக் கருணை என்று அழகுபடுத்த வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தை ஒரே கடையோடு கட்டிவைத்த கயிறும் அதுவே. ஆனால் விலையையும் தரத்தையும் பற்றிப் பேசவும் பேரம் பேசவும் இரு தரப்புக்கும் இடம் தந்த அந்த உறவு, பெயர்ப்பலகையைச் சார்ந்திராமல் ஆளைச் சார்ந்திருந்ததால், பெரிய நிறுவனங்களைக் கவிழ்த்த அதிர்ச்சிகளைப் பலமுறை தாங்கிக்கொண்டது.

இவ்விரு வணிகங்களுக்கும் பொதுவான ஒரு கூரை இருந்தது. அது பினாங்கின் சுங்கமற்ற துறைமுகத் தகுதி. இறக்குமதிக்கு வரி இல்லாததால் இங்கிலாந்தின் பீங்கானும் சென்னையின் சாரமும் தீவில் மலிவாகக் கிடைத்தன. பேராவிலிருந்தும் கெடாவிலிருந்தும் மக்கள் பிறை ரயில் நிலையத்தில் இறங்கிப் படகேறி வந்து வாங்கிச் சென்றனர். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ரஜூலா போன்ற கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி ஆளையும் சரக்கையும் சேர்த்தே கொண்டுவந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரைக் குண்டுவீசித் தாக்கியபோது வெள்ளையர்கள் ஆசிய மக்களை விட்டுவிட்டு இரவோடு இரவாக வெளியேறினர். அத்துடன் ஒயிட்டவே போன்ற கடைகளின் பின்னால் நின்ற மதிப்பும் போனது. போருக்குப் பின் கடைகள் திறந்தன. மதிப்பு பழையபடி திரும்பவில்லை. 1957இல் மலாயா விடுதலை பெற்று, ஆங்கிலேய அதிகாரிகளும் சிப்பாய்களும் ஊர் திரும்பத் தொடங்கியதும் வாடிக்கையாளர் கூட்டமே கரைந்தது. 1962இல் சிங்கப்பூர்க் கடை மூடப்பட்டு அதன் கட்டடம் மலாயன் வங்கியின் கைக்குப் போனது. கிழக்கில் தொடரின் கதை ஏறத்தாழ அத்துடன் முடிந்தது.

பினாங்கின் சில்லறை வணிகத்துக்கு இதைவிடப் பெரிய அடி 1969இல் விழுந்தது. அவ்வாண்டில் தீவின் சுங்கமற்ற தகுதி நீக்கப்பட்டதும் பெருநிலத்திலிருந்து வந்து வாங்குவோர்க்கு வருவதற்கான காரணமே இல்லாமல் போனது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ, வேலையின்மையைத் தீர்க்க 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரத்தை அமைத்து மின்னணு ஆலைகளை வரவழைத்தார். நகர நடுவில், 65 மாடி கொண்ட கொம்தார் கோபுரத்தையும் எழுப்பினார். ஆலைகள் வேலை தந்தன, ஆனால் குடியிருப்பையும் வாங்கும் சக்தியையும் தீவின் தெற்கே இழுத்துச் சென்றன. கொம்தாருக்காகப் பழைய கடைவீதிகள் இடிக்கப்பட்டன. அதன் முதன்மை வாடகைதாரர்களில் ஒன்றாக வந்த ஜப்பானிய யாவோஹான் அங்காடித் தொடர் சில காலம் நகரின் கூட்டத்தையெல்லாம் ஈர்த்து, 1997இல் ஜப்பானில் தாய் நிறுவனம் திவாலானதும் மறைந்தது. பினாங்கு நினைவில் ஒயிட்டவேயைவிட யாவோஹானுக்கே இன்று ஏக்கம் அதிகம். அதை நேரில் கண்டவர்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். எந்தக் கடையை மீட்க வேண்டும் என்ற விருப்பம் எந்தத் தலைமுறை கேட்கிறது என்பதைப் பொறுத்தது. வரலாற்று மதிப்புக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

தொடர் மறைந்தபின் அதன் கட்டடங்கள் என்னவாயின என்பது மீட்சியைப் பற்றி யோசிப்பவர்க்குப் பயன்படும் செய்தி. பம்பாயில் ஹார்ன்பி சாலையில் இருந்த ஒயிட்டவே கடை, இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கதர் விற்பனை நிலையமாயிற்று. அந்நியத் துணி விற்ற கூடத்திலேயே கதர் அடுக்கப்பட்டது. சென்னையில் மவுண்ட் ரோட்டில் இருந்த கட்டடத்துக்குச் சுதேசமித்திரன் நாளிதழ் குடிபுகுந்தது. அது விக்டரி ஹவுஸ் எனப் பெயர் பெற்றது. ஜி. சுப்பிரமணிய ஐயர் அந்த இதழைத் தொடங்கியதும் லெய்ட்லா கல்கத்தாவில் கடை திறந்ததும் ஒரே ஆண்டில், 1882இல், என்பது தற்செயல்தான் என்றாலும் கவனிக்கத் தக்கது. பின்னர் அதே கட்டடம் வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடிகாரத்தையும் வானொலியையும் மாதத் தவணையில் கொடுத்து நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த நிறுவனம், கடனே கொடுப்பதில்லை என்று பெயரெடுத்த கடையின் இடத்தில் கொடி நாட்டியது. காசுக் கடையின் கட்டடத்தில் தவணைக் கடை வென்றது என்றே இதைப் படிக்கலாம்.

பழம்பெயரை உயிர்ப்பிக்கும் முயற்சிகளின் அண்மைக்கால அனுபவம் ஊக்கம் தருவதாக இல்லை. இங்கிலாந்தில் 1909இல் லிவர்பூலில் தொடங்கி 800க்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்த வுல்வொர்த்ஸ், 2009 ஜனவரிக்குள் முற்றாக மூடப்பட்டது; பெயரை வாங்கிய நிறுவனம் அதை இணையக் கடையாக நடத்திப் பார்த்து 2015இல் நிறுத்திக்கொண்டது. டெபன்ஹாம்ஸ் என்ற இன்னொரு பழைய தொடரின் பெயரை 2021இல் 5.5 கோடி பவுண்டுக்கு வாங்கிய பூஹூ என்ற இணைய ஆடை நிறுவனம் கடைகளையும் ஊழியர்களையும் வாங்கவில்லை. 2025இல் தன் பெயரையே டெபன்ஹாம்ஸ் குழுமம் என்று மாற்றிக்கொண்டது. சிங்கப்பூரில் 1858இல் தோன்றிய ராபின்சன்ஸ், 2020 அக்டோபரில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்த கடைகளைக் கலைக்க முடிவு செய்தது. மறு ஆண்டு ஓர் ஆஸ்திரேலியப் படுக்கைவிரிப்பு நிறுவனம் அதை இணையத்தில் மீண்டும் திறந்தது. இம்மூன்றிலும் மீண்டது பெயரின் உரிமை. தெருவோ வேலையோ மீளவில்லை.

பெயரும் தொழிலும் சேர்ந்து நிலைத்த இரண்டு எடுத்துக்காட்டுகள் தமிழ் வாசகர்க்கு அருகிலேயே உள்ளன. இலங்கையில் 1844இல் தொடங்கிய கார்கில்ஸ், 1981இல் உள்ளூர் உரிமைக்கு மாறி, 1983இல் முதல் உணவு அங்காடியைத் திறந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. 1863இல் சென்னையில் தோன்றிய ஸ்பென்சர்ஸ் இந்தியக் குழுமம் ஒன்றின் கைக்கு மாறி, 1990களில் மளிகை அங்காடிகளின் வழியே புது வாழ்வு தேடியது. இரண்டும் துரைமார் வீட்டுக்குத் தேவையானவற்றை விட்டு அரிசி, பருப்பு, காய்கறிக்கு வந்தபோதே மூச்சு விட்டன. மேலும் இரண்டும் இடையில் அறுந்து போகவில்லை. உரிமை மாறியது, ஓட்டம் நிற்கவில்லை. ஒயிட்டவேயின் கதையில் ஓட்டம் நின்று அறுபது ஆண்டுகளாகிவிட்டன.

பினாங்கில் இக்கேள்விக்கு இன்னொரு தடையும் உண்டு, அது வாடகை. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உறையவைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஜார்ஜ் டவுனில் சுமார் 12,000 கட்டடங்களை ஆட்கொண்டிருந்தது. 2000 ஜனவரி முதல் நாள் அது முடிவுக்கு வந்ததும் வாடகை பல மடங்கு ஏறி, தலைமுறையாகத் தெருவில் இருந்த தையற்காரர், பாய் முடைபவர், புத்தகக் கடைக்காரர் என்று பலர் வெளியேறினர். சட்டம் இருந்தவரை உரிமையாளர் கட்டடத்தைப் பழுது பார்க்கவில்லை என்பதும் உண்மை. அது ஒழிந்ததால் மட்டும் கடைவீதி கெட்டது என்று சொல்வது பாதிக் கதை. 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின், மையப் பகுதியின் 109 ஹெக்டேரிலும் கட்டடம் காக்கப்பட்டது, கடை காக்கப்படவில்லை. முகப்பு, ஐந்தடி நடைபாதை, ஓடு ஆகியவற்றுக்கு விதிகள் உண்டு. கீழ்த்தளத்தில் மிளகாய்த்தூள் விற்கிறதா, சுற்றுலாப் பயணிக்குக் காப்பி விற்கிறதா என்பதற்கு விதி இல்லை. ஒயிட்டவேஸ் ஆர்கேட்டும் உணவகங்களும் சிறு கடைகளும் கொண்ட இடமாகவே மீண்டிருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குக் கிடைக்கக்கூடிய மீட்சி அவ்வளவே. அது போதும் என்றே கொள்ளலாம்.

ஒயிட்டவே லெய்ட்லாவை மீண்டும் தொடங்க வேண்டிய நியாயம் எதுவும் இந்த வரலாற்றில் தென்படவில்லை. காலனிச் சம்பளம், சுங்கமற்ற துறைமுகம், ரொக்கக் காசுக்குக் குறைந்த விலை என்ற மூன்று தூண்களில் முதலிரண்டும் போய்விட்டன; மூன்றாவதை இன்று எந்தப் பேரங்காடியும் செய்கிறது. 1957இல் கோத்தா பாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் சிறு கடையாகத் தொடங்கிய மைடின், இன்று நாடெங்கும் பேரங்காடிகள் நடத்துகிறது. மலேசியாவின் உள்ளூர்த் தொடர் ஒன்று உருவானது கடைத்தெருவின் மரபை ஒத்த சிறு கடையிலிருந்துதானே தவிர, பீச் ஸ்திரீட்டின் மரபிலிருந்து அன்று.

மீட்க ஏதேனும் எஞ்சியிருக்கிறது என்றால் அது கடைத்தெருவில்தான், அதுவும் மறைந்த பெயரை அன்று, இன்னும் மறையாத ஆட்களை. மையப் பகுதியின் கடைவீடுகளில் கணிசமானவை பள்ளிவாசல்களின் வக்ஃபு நிலங்களுக்கும், 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த இந்து அறநிலைய நிர்வாகத்துக்கும், சீனக் குலச் சங்கங்களுக்கும் உரியவை. இவ்வமைப்புகள் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக நீண்ட குத்தகையை, அன்றாடப் பொருள் விற்கும் இன்றைய வாடகைதாரர்களுக்கே, முன்னரே வரையறுத்த உயர்வு விகிதத்தோடு கொடுக்க முடியும். அதற்கு முதலீட்டாளரும் வேண்டியதில்லை, பழம்பெயரின் உரிமையை விலைக்கு வாங்கவும் வேண்டியதில்லை.